பூஞ்சணம் பிடித்த சீஸும் நமுனுகுல மலையின் பாலும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மனைப் பொருளியல் பாட நேரத்தில் ஒரு பிள்ளை தான் பார்த்த காணொளி ஒன்றைப் பற்றிக் கேட்டாள். வெளிநாட்டுப் பெண் ஒருவர் தடித்த வெள்ளைச் சாறு ஒன்றைக் கலக்கிப் பச்சை இலைகள்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார். அதற்குள் உதிர்த்துப் போட்ட சீஸில் நீலமும் பச்சையுமாகப் பூஞ்சணம். "அது பழுதான சாமான்தானே, ஏன் காசு கொடுத்து வாங்குறாங்க?" என்று அவள் கேட்க, பின்வாங்கிலிருந்து ஒரு பையன் "அது ஹலாலா?" என்றான். இன்னொருத்தி, "எங்கட வீட்டுல செய்யலாமா?" என்றாள். மூன்றுமே நல்ல கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் தேடப்போன நாங்கள் பாலைத் தேடி, மாட்டைத் தேடி, காப்பிக் காலம் வரை போய்விட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். சலாது என்று நாம் சொல்வது போர்த்துக்கேயச் சொல். வினாகிரியும் அவர்களுடையதே. கோவாவும் அப்படித்தான், பாணும் அப்படித்தான். சிங்களத்தில் சீஸுக்கு வழங்கும் 'கேஜு' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போர்த்துக்கேயரால் ஊவாவை ஒருநாளும் ஆள முடியவில்லை. 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி படையோடு மலையேறி வந்து பதுளையைக் கொளுத்தினான். திரும்பிப் போகும் வழியில், வெல்லவாயவுக்குப் பக்கத்து ரந்தெனிவெலயில், கண்டிப் படையிடம் அவனும் அவனுடைய சேனையும் அழிந்தார்கள். ஆள் போய்விட்டான். அவன் நாட்டுச் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும் கரையோரத்திலிருந்து மெல்ல மலையேறி வந்து நம் அடுப்படியில் தங்கிவிட்டன.

சொல் வந்தபோதும் அந்தச் சீஸ் வரவில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அது எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

நீலச் சீஸ்களில் பேர்போனது பிரான்சின் றொக்ஃபோர். செம்மறிப் பாலில் செய்வது. பாலை உறைய வைத்து, மோரை வடித்து, கட்டியாக்கி, உப்பிட்டு, உள்ளே காற்றுப் போகக் கம்பியால் துளையிட்டு, கொம்பலூ என்ற மலையின் குகைகளுக்குள் மாதக்கணக்கில் வைப்பார்கள். மலையின் பிளவுகள் வழியாக ஈரக் காற்று எப்போதும் வந்துகொண்டிருக்கும். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் பெனிசிலியம் றொக்ஃபோர்டி என்ற பூஞ்சணம் துளைகளுக்குள் நரம்பு நரம்பாகப் படரும். அது பாலின் கொழுப்பை உடைப்பதால்தான் அந்தக் காரமும் அந்த வாசமும் வருகின்றன. பூஞ்சணத்தை முன்காலத்தில் பாணில் வளர்த்து எடுத்தார்கள். 1411இல் ஆறாம் சார்ள்ஸ் மன்னன் இந்தச் சீஸைப் பக்குவப்படுத்தும் உரிமையை அந்த ஒரு ஊருக்கே எழுதிக் கொடுத்தான். 1925இல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. ஒரு சின்ன ஊரின் பால்காரர்கள் தங்கள் பொருளின் பெயரை 500 வருடத்துக்கு மேலாகக் காத்து வைத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசத்தைப் பற்றி நாம் முகம் சுளிக்கத் தேவையில்லை. மாசியும் கருவாடும் மணக்கும் அடுப்படியில் வளர்ந்தவர்கள் நாம். கெட்டுப்போவதும் பக்குவப்படுவதும் ஒன்றல்ல என்பது நம் உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

காணொளியில் பார்த்த அந்தச் சாறு பிரான்சில் பெரிதானது அல்ல, அமெரிக்காவில். அங்கே மயோனைசும் புளித்த பாலேடும் மோரும் கலந்து, நீலச் சீஸை உதிர்த்துப் போட்டு ஹோட்டல்களில் ஊற்றத் தொடங்கினார்கள். 1964இல் பஃபலோ நகரத்தில் ஆங்கர் பார் என்ற கடையில் தெரேசா பெலிசிமோ என்ற பெண் உறைப்பான கோழிச் சிறகு பொரித்து, தொட்டுக்கொள்ள இந்தச் சாற்றைப் பக்கத்தில் வைத்தார் என்பார்கள். அதற்குப் பிறகு அது உலகம் சுற்றியது. (பஃபலோ என்பது ஊர்ப் பெயர். எருமைக்குச் சிறகு முளைத்ததா என்று கேட்ட பிள்ளைக்கு இது பதில்.)

இனி நம் மலைக்கு வருவோம்.

ஆங்கிலேயர் மலைநாட்டுக்கு வந்தபோது கூடவே தங்கள் மாட்டையும் கொண்டுவர முயன்றார்கள். சாமுவேல் பேக்கர் என்பவர் 1848இல் நுவரெலியாவில் ஒரு குட்டி இங்கிலாந்தை உருவாக்கப் பார்த்தார். ஆங்கிலேய வேலையாட்கள், சாதி மாடுகள், செம்மறிகள், கலப்பைகள் எல்லாம் கப்பலில் ஏற்றி வந்தார். 1855இல் ஊர் திரும்பிவிட்டார். ஆனால் மேட்டு நிலத்தில் ஐரோப்பிய மரக்கறியும் ஐரோப்பிய மாடும் வளரும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே ஊன்றிவிட்டது.

அதே காலத்தில் நம் பக்கமும் காப்பிக்காகக் காடு அழிந்துகொண்டிருந்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலச் சரிவுகள் எல்லாம் காப்பி. காப்பிச் செடி மண்ணை வேகமாக உறிஞ்சும். சரிவில் மழை மீதியைக் கழுவிக்கொண்டு போகும். அதற்கு எரு வேண்டும். அதனால் காப்பித் தோட்டங்களில் மாட்டுப்பட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான கூடை மாட்டெரு முதுகிலும் தலையிலும் ஏறி மலைக்குப் போனது. சுமந்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாடுகளைத் தோட்டம் வைத்திருந்தது பாலுக்காக அல்ல, சாணத்துக்காக. கணக்குப் புத்தகத்தில் மாடு என்பது எரு செய்யும் பொறி. பால் ஒரு உபரி. துரையின் பங்களாவுக்குப் போதுமான அளவு கறந்தால் சரி. லயத்துப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது பட்டி வைத்தவர்களின் நோக்கத்தில் எங்கும் இல்லை. நம் மலையில் பாலும் எங்கள் ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே தூரத்தில் நின்றது இந்தப் புள்ளியில் தொடங்கியது என்பது எங்கள் கருத்து.

1869இல் மடுல்சீமையில் காப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் துரு தென்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். அதுவும் ஒரு பூஞ்சணம்தான் என்பதைக் கவனியுங்கள். பிரான்சில் ஒரு பூஞ்சணம் ஓர் ஊரை வாழவைத்தது. நம் பக்கத்து மலையில் முதலில் காணப்பட்ட இன்னொரு பூஞ்சணம் இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பியையே முடித்துவிட்டது. பிறகு தேயிலை வந்தது. எருவுக்கு மாடு வைக்கும் தேவை தோட்டத்துக்குக் குறைந்து, வெளியிலிருந்து வாங்கும் உரம் வந்தது.

தேயிலைக் காலத்துப் பங்களாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் மரக்கறிப் பாத்தி. அதில் கரட், லீக்ஸ், பீட்ரூட், சலாது இலை. ஓரத்தில் ஒரு மாட்டுத் தொழுவம். சமையலறையில் அப்பு. 1893இல் பண்டாரவளையில் ஹோட்டல் வந்தது. 1924இல் ரயில் பதுளைக்கே வந்தது. டின் சாமான் எல்லாம் அந்த ரயிலில் ஏறி வந்தன. சீஸ் வெப்பத்தைத் தாங்கி இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் ஜேம்ஸ் கிராஃப்ட் என்ற அமெரிக்கர் 1916இல் காப்புரிமை எடுத்த முறை. சீஸை உருக்கி, சூடாக்கி, கிருமியைக் கொன்று அடைத்தால் அது மேலும் பழுக்காது, பழுதாகவும் செய்யாது. நம் ஊரில் 'சீஸ்' என்றதும் நினைவுக்கு வருவது இந்த உயிரில்லாத சீஸ்தான். டின்னில் வந்தது, பிறகு வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணமாக வந்தது. உயிருள்ள பூஞ்சணம் வாழும் நீலச் சீஸ் இந்த வழியால் வரவே முடியாது.

பேரரசின் பல மூலைகளில் சலாதுக்கு ஊற்றியது வேறொன்று. டின்பால், வினாகிரி, கடுகுத்தூள் மூன்றையும் கலக்கினால் சில நிமிடத்தில் தடித்துவிடும். எண்ணெய் வேண்டாம், முட்டை வேண்டாம். நியூசிலாந்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சலாதுச் சாறு என்றால் இதுதான். வினாகிரியின் புளிப்புப் பட்டதும் பாலின் புரதம் திரளும், அதனால் தடிக்கும். அதே டின்பால் நம் லயத்துக் காம்பராவுக்கும் வந்தது. வந்தது தேத்தண்ணிக்கு. விசேட நாளில், விருந்தாளி வந்தால், ஒரு கரண்டி. மற்ற நாளில் வெறுந்தேத்தண்ணி, கையில் ஒரு துண்டு சீனி அல்லது கருப்பட்டி.

1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்று கொழும்பில் வெளிவந்தது. இன்றும் பதிப்பு வரும் புத்தகம். படித்த வீடுகளில் அது இருந்தது. பங்களா அப்புமாருக்குப் புத்தகம் இல்லை. துரைசானி ஒருமுறை சொல்லியதைக் கையும் நாக்கும் நினைவில் வைத்திருந்தன. அந்தச் சமையலறைகளில் வேலை செய்தவர்களின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை.

சரி, லயத்தில் மாடு இல்லையா? இருந்தது. இன்றும் இருக்கிறது. கொழுந்து எடுத்து முடித்து, தராசில் நிறுத்துவிட்டு, வரும் வழியில் புல்லறுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வரும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட சிறு தொழுவம். ஒரு பசு, ஒரு கன்று. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம். குடியுரிமை பறித்த 1948இலும், ஆட்களைக் கணக்குப் போட்டு இரண்டு நாடுகள் பங்கிட்ட 1964 ஒப்பந்தத்தின் பிறகும், கப்பலேறப் போன குடும்பங்கள் கடைசியாக விற்றுவிட்டுப் போன சொத்து பெரும்பாலும் அந்த மாடுதான். காணி அவர்களுக்கு இல்லை, லயம் அவர்களுடையது இல்லை. மாடு மட்டும் சொந்தம். கடைக்காரரிடம் கடன் சொல்லவும், மகளுக்குக் கலியாணம் பேசவும் அந்த ஒன்றுதான் பலம். அப்படி விற்கப்பட்ட மாடுகளை வாங்கியவர்களில் நம் முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். நியாய விலை கொடுத்தவர்களும் உண்டு, அவசரத்தைப் பார்த்து விலை குறைத்தவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

பால் எங்கே போனது? 1954இல் தேசியப் பால் சபை வந்தது. மேலே அம்பேவெல, போபத்தலாவ போன்ற இடங்களில் அரச பண்ணைகள் இருந்தன. கீழே சேகரிப்பு நிலையங்கள் வந்தன. காலையில் கறந்த பாலைக் கொண்டுபோய் ஊற்றினால், அடர்த்தியும் கொழுப்பும் பார்த்துக் காசு. இதனால் லயத்து வீட்டுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் கிடைத்தது. ரொக்கம் கிடைக்கும் பொருளை யார் வீட்டில் வைத்துக் குடிப்பார்கள்? பால் வெளியே போனது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, வெளிநாட்டுப் பால்மா கடையெல்லாம் நிறைந்தது. கறந்த பாலை விற்று, அந்தக் காசில் நியூசிலாந்துப் பால்மா வாங்கும் வழக்கம் நம் மலையில் உறுதியானது. 1 கிலோ பால்மா செய்ய ஏறக்குறைய 8 லீற்றர் பால் வேண்டும். எங்கோ ஒரு புல்வெளியில் பாலைக் காயவைத்துக் கப்பலேற்றி அனுப்ப, நமுனுகுலயில் பீலித் தண்ணீரை ஊற்றி அதைத் திரும்பப் பாலாக்குகிறோம்.

அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது 2021இல் தெரிந்தது. டொலர் இல்லை, பால்மா இல்லை. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 400 கிராம் பக்கெட் 480 ரூபாய்க்கு ஏறியது. 2022 மார்ச்சில் 790 ரூபாய். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். அதுவும் பல வருடம் போராடி 2021இல்தான் கிடைத்தது. மலையில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் ஒரு சின்னப் பக்கெட் பால்மாவும் ஒரு றாத்தல் பாணும். ஹோட்டல்களில் பால் தேத்தண்ணியையே நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் பாடசாலைக்குக் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளை நாங்கள் எண்ணினோம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

இது நெருக்கடிக் காலத்துக் கதை மட்டுமல்ல. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர் அளவில். மாடும் புல்லும் மரக்கறியும் உள்ள மலையில்.

இதனால்தான் அந்தப் பிள்ளையின் "எங்கட வீட்டுல செய்யலாமா?" என்ற கேள்வியைச் சும்மா ஆடம்பரம் என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் சாற்றின் உயிர் எது? புளித்த பால். அது நம்மிடம் இருக்கிறது. கீழே வெல்லவாய, புத்தளப் பக்கம் இறங்கினால் வீதியோரம் எல்லாம் சட்டித் தயிர். எருமைப் பாலில் பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு. மண்சட்டி தயிரின் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாக நிற்கும். வெளிநாட்டார் புளித்த பாலேடு என்று பணம் கொடுத்து வாங்குவதற்கு நம் சட்டித் தயிர் எந்த வகையிலும் குறைந்ததில்லை. புரியாணியோடு வெங்காயத் தயிர் வைக்கிறோம், பொங்கலுக்கு அயல்வீட்டில் தயிர்ப் பச்சடி தருகிறார்கள். இலையை அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்த வல்லாரைச் சம்பலும் ஒரு சலாதுதான்.

ஹலால் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சீஸுக்குப் பாலை உறைய வைப்பது ரென்னெட் என்ற நொதி. பழைய முறையில் அதைப் பால்குடிக் கன்று அல்லது குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள். றொக்ஃபோர் இன்றும் அப்படித்தான். அந்த விலங்கு எப்படி அறுக்கப்பட்டது என்பதில்தான் கேள்வி, அதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடும் உண்டு. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் இன்று நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டால் செய்த சீஸ் தாராளமாக வருகிறது, பக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருக்கும். சைவம் சாப்பிடும் அயலவர்களும் அதே எழுத்தைத்தான் தேட வேண்டும். தயிருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, உறை மோர் போதும்.

செய்முறை இது. நீலச் சீஸ் கிடைத்தால் (கொழும்பிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவிடலாம், விலை கடுமைதான்) 100 கிராம் எடுங்கள். பாதியை முள்ளுக்கரண்டியால் நசித்து, அரைக் கோப்பை சட்டித் தயிர், அரைக் கோப்பை மயோனைஸ், இரண்டு மேசைக்கரண்டி மோர், ஒரு தேக்கரண்டி தேசிச்சாறு, நசித்த உள்ளிப்பூண்டு ஒரு சின்னப் பல், புதிதாகத் தட்டிய மிளகு சேர்த்துக் கலக்குங்கள். மீதிச் சீஸை உதிர்த்துக் கடைசியில் போடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சீஸிலேயே நிறைய உப்பு இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் வாசம் தயிருக்குள் இறங்கும். நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கிடைக்காவிட்டால்? ஒரு கோப்பை சட்டித் தயிர், துருவிய சாதாரண சீஸ் இரண்டு மேசைக்கரண்டி, உள்ளி, மிளகு, தேசி, ஒரு சிட்டிகை மாசித்தூள். மாசி நாங்கள் சேர்த்துப் பார்த்தது, அந்த ஆழமான கார வாசத்துக்குக் கிட்ட வருகிறது. சைவக்காரர் மாசிக்குப் பதில் கடுகுத்தூள் போடலாம். வெலிமடைச் சலாது இலை, அரிந்த கோவா, கரட், பீட்ரூட் எதன்மேலும் ஊற்றலாம். தயிரை வீட்டிலேயே உறைய வைப்பவர்கள் பாலைக் கொதிக்க வைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றுங்கள். நம் குளிரில் சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் விடிந்தாலும் உறையாது.

ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சீஸிலோ பாணிலோ நீலமாகப் பூஞ்சணம் பிடித்தால் அது றொக்ஃபோர் ஆகிவிடாது. எந்தப் பூஞ்சணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிலது நஞ்சு. எறிந்துவிடுங்கள். காணொளியைப் பார்த்துப் பிள்ளைகள் பரிசோதனை செய்ய முன்னர் பெற்றோர் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஸ்பிரிங்வெலி, பசறை, மடுல்சீமைப் பக்கத்துப் பங்களாக்களில் அப்புவாக, தோட்டக்காரராக, மாட்டுக்காரராக இருந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், யாராவது இதை வாசித்தால் எங்களோடு கதையுங்கள். சலாதுக்கு என்ன ஊற்றினார்கள், பாத்தியில் என்ன இருந்தது, பங்களா மாடு ஒரு நேரத்துக்கு எத்தனை போத்தல் கறந்தது, மிச்சப் பாலை என்ன செய்தார்கள், லயத்துக்கு ஒரு துளியாவது வந்ததா? நினைவிருப்பதைச் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம்.